பச்சிளங்குழந்தை மருத்துவ ஆய்வுக்கட்டுரை

பச்சிளங்குழந்தை மருத்துவ ஆய்வுக்கட்டுரை என்பது பிறந்தது முதல் 28 நாட்கள் வரையிலான குழந்தைகளின் உடல்நலம், நோய், பராமரிப்பு ஆகியவை பற்றி மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வாளர்கள் ஆகியோர் எழுதி மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியிடும் கட்டுரை ஆகும். இதழுக்கு அனுப்பப்பட்டு, இன்னும் அச்சேறாத நிலையில் இது கைப்பிரதி எனப்படுகிறது. கைப்பிரதியை ஆயத்தம் செய்தல், பொருத்தமான இதழைத் தெரிவு செய்தல், அனுப்புதல், துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கு விடையளித்தல் ஆகியன இதன் முதன்மைக் கட்டங்கள் ஆகும்.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் குழந்தைகள் பிறந்த முதல் மாதத்திற்குள் இறந்தன. இக்குழந்தைகளுக்கு அளிக்கப்படும் சிகிச்சை பெரும்பாலும் வெளியான ஆய்வுக்கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்படுகிறது. எனவே கட்டுரையில் எவை எழுதப்பட்டன, எவை விடுபட்டன என்பது, ஆய்வு நடந்த இடத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள மருத்துவமனைகளிலும் விளைவை ஏற்படுத்தும்.

வரலாற்றுப் பின்னணி

இத்துறையின் வரலாற்றில் உயிர்வளி சிகிச்சை பற்றிய ஆய்வுகள் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றன. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும் நோய் ஒன்றை 1942 இல் அமெரிக்காவின் பாசுட்டன் நகரில் கண் மருத்துவர் தியோடர் டெரி விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இந்நோயால் பார்வையிழந்தனர். அளவுக்கு மிஞ்சிய உயிர்வளியே இதற்குக் காரணமாக இருக்கலாம் என ஆத்திரேலிய மருத்துவர் கேட் கேம்பல் 1951 இல் ஒரு கட்டுரையில் எழுதினார். 1953 - 1954 காலப்பகுதியில் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் இணைந்து நடத்திய ஆய்வு இதை உறுதி செய்தது. அதன் முழு அறிக்கை 1956 இல் வெளியானது.

இதன் பின்னர் குறைமாதக் குழந்தைகளுக்கு உயிர்வளி அளிப்பது பல நாடுகளில் கடுமையாகக் குறைக்கப்பட்டது. ஆனால் மேற்கண்ட ஆய்வில் குழந்தைகள் பிறந்து 48 மணி நேரம் கழிந்த பின்னரே சேர்க்கப்பட்டிருந்தனர். முதல் இரண்டு நாட்களில் உயிர்வளியைக் குறைத்தால் என்ன நேரும் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. பார்வையிழப்பு தடுக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 16 குழந்தைகள் உயிர்வளிக் குறைவால் இறந்திருக்கலாம் என 1973 இல் குரோசு என்பவர் லான்செட்டு இதழில் கணித்தார். ஆய்வில் யார் சேர்க்கப்பட்டனர், எப்போது சேர்க்கப்பட்டனர் என்னும் ஒரு வரி, முடிவைப் போலவே முக்கியமானது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நல்ல முடிவு ஒன்று வெளியான பின்னும் பயன்பாட்டுக்கு வராமல் போவதும் உண்டு. குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்க்குக் கார்ட்டிகோசிட்டீராய்டு மருந்து அளித்தால் குழந்தையின் மூச்சுத்திணறல் நோய் குறையும் என்பதை நியூசிலாந்தின் இலிகின்சும் ஓவியும் 282 தாய்மாரிடம் நடத்திய ஆய்வு மூலம் 1972 இல் வெளியிட்டனர். தொடர்ந்து வந்த ஆய்வுகள் தனித்தனியே சிறியனவாக இருந்தன. அவற்றைத் தொகுத்த முறைசார் மீளாய்வு 1990 இல் வெளியானது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கருத்தொருமிப்புக் கூட்டம் 1994 இல் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது. காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள கோடுகள் இம்மருந்து பற்றிய ஆய்வுகளின் முடிவுகளையே குறிக்கின்றன.

கட்டுரை வகைகள்

ஆய்வின் வடிவத்தைப் பொறுத்துக் கட்டுரையின் வகை அமைகிறது. ஒவ்வொரு வகைக்கும் எவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும் எனக் கூறும் அறிக்கையிடல் வழிகாட்டிகள் உள்ளன. பெரும்பாலான இதழ்கள் உரிய சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி அனுப்புமாறு கேட்கின்றன.

- சமவாய்ப்பு ஆய்வு: எக்குழந்தைக்கு எச்சிகிச்சை என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்யப்படும் ஆய்வு. இதற்குரிய வழிகாட்டி கன்சார்ட்டு. இது 1996 இல் முதலில் வெளியானது. 2025 பதிப்பில் 30 கூறுகள் உள்ளன.
- நோக்கீட்டு ஆய்வு: சிகிச்சையில் தலையிடாமல் நிகழ்வனவற்றைப் பதிவு செய்யும் ஆய்வு. இதற்குரிய வழிகாட்டி 2007 இல் வெளியான சிட்ரோபு ஆகும். இதில் 22 கூறுகள் உள்ளன.
- முறைசார் மீளாய்வு: ஒரு வினா குறித்து வெளியான ஆய்வுகள் அனைத்தையும் தேடித் தொகுப்பது. இதற்குரிய வழிகாட்டி பிரிசுமா ஆகும்.
- தரமேம்பாட்டு அறிக்கை: கைகழுவுதல், தாய்ப்பாலூட்டல், உடல்வெப்பம் காத்தல் போன்ற நடைமுறைகளை ஒரு பிரிவில் மேம்படுத்திய முயற்சியின் பதிவு. இதற்குரிய வழிகாட்டி இசுகுவயர் ஆகும்.
- நோயாளி அறிக்கை: அரிதான ஒரு நோயாளியின் விவரம். இதற்குரிய வழிகாட்டி 2013 இல் வெளியான கேர் ஆகும்.

இவற்றைத் தவிர ஆசிரியருக்குக் கடிதம், கருத்துரை, நோய்ப்படம் முதலிய சிறு வடிவங்களும் உண்டு. புதிதாக எழுதத் தொடங்குவோர் பலர் நோயாளி அறிக்கை அல்லது கடிதத்தில் இருந்தே தொடங்குகின்றனர்.

எழுதுவதற்கு முன்

கைப்பிரதியின் சில பகுதிகளை ஆய்வு முடிந்த பின் உருவாக்க இயலாது. அவை ஆய்வு தொடங்கும் முன்பே நிறைவேற்றப்பட்டிருக்க வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்: மனிதரிடம் நடத்தப்படும் ஆய்வுகளுக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். குழுவின் பெயரும் ஒப்புதல் எண்ணும் கட்டுரையில் இடம்பெறுகின்றன. 1964 இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற எல்சிங்கிப் பிரகடனம் இதற்கு அடிப்படையாக உள்ளது. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பின்பற்றப்படுகின்றன.

பெற்றோரின் ஒப்புதல்: பச்சிளங்குழந்தை தனக்காகப் பேச இயலாது. ஆகவே பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர், ஆய்வின் நன்மை தீமைகளை அறிந்து ஒப்புதல் அளிக்க வேண்டும். பிரசவ வலியில் அல்லது அறுவை சிகிச்சைக்குப் பின் மயக்கம் தெளியாத நிலையில் உள்ள தாயிடம் பெறும் கையொப்பம் உண்மையான ஒப்புதல் ஆகுமா என்பது இத்துறைக்கே உரிய சிக்கல் ஆகும். எனவே ஒப்புதல் எப்போது, யாரால் பெறப்பட்டது என்பதையும் கட்டுரையில் எழுதுவது நல்லது. குறைமாதக் குழந்தைகளின் உயிர்வளி அளவு பற்றி அமெரிக்காவில் 1,316 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான சப்போர்ட்டு ஆய்வில், குறைந்த உயிர்வளி அளவு விழித்திரை நோயைக் குறைத்தாலும் இறப்பை மிகுவித்தது கண்டறியப்பட்டது. இவ்வாய்வின் ஒப்புதல் படிவங்கள் தீங்குகளைப் போதிய அளவு விளக்கவில்லை என அந்நாட்டு அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் 2013 இல் குறை கூறியது. பெரும் விவாதம் தொடர்ந்தது.

ஆய்வுப் பதிவு: சிகிச்சை ஆய்வுகள் முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேடு ஒன்றில் பதியப்பட வேண்டும். பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு 2005 சூலை முதல் இதை வெளியீட்டுக்கான கட்டாய நிபந்தனை ஆக்கியது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 இல் தொடங்கப்பட்டது. இலங்கைக்கும் தனிப் பதிவேடு உண்டு. ஆய்வு முடிந்த பின், நல்ல விளைவு எதுவோ அதையே முதன்மை நோக்கம் என மாற்றி எழுதுவதைத் தடுக்க இம்முறை உதவுகிறது.

கட்டுரையின் அமைப்பு

மருத்துவ ஆய்வுக்கட்டுரைகள் பொதுவாக அறிமுகம், முறைகள், முடிவுகள், கலந்துரையாடல் என்னும் நான்கு பகுதிகளாக எழுதப்படுகின்றன. 1978 இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய இதழாசிரியர்கள் கைப்பிரதிகளுக்குரிய பொது விதிகளை வகுத்தனர். அக்குழுவே பின்னர் பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு ஆயிற்று.

தலைப்பும் சுருக்கமும்: தலைப்பில் எக்குழந்தைகள், எச்சிகிச்சை, எவ்வகை ஆய்வு ஆகியன தெரிய வேண்டும். சுருக்கம் பல இதழ்களில் 250 சொற்களுக்கு உட்பட்டது. பலர் சுருக்கத்தை மட்டுமே படிப்பதால், கட்டுரையில் இல்லாத எதுவும் சுருக்கத்தில் இருக்கக் கூடாது. தீங்கான விளைவுகள் சுருக்கத்தில் மறைக்கப்படவும் கூடாது.

அறிமுகம்: ஏற்கனவே அறியப்பட்டது என்ன, அறியப்படாதது என்ன, இவ்வாய்வு கேட்ட வினா என்ன என்னும் மூன்றையும் சில பத்திகளில் கூறுவது. குழந்தை இறப்பு பற்றிய பொதுச் செய்திகளால் இப்பகுதியை நிரப்புவது பொதுவாகக் காணப்படும் குறை ஆகும்.

முறைகள்: வேறொரு மருத்துவமனை இதே ஆய்வைத் திரும்பச் செய்யும் அளவுக்கு விவரம் தருவது. மருந்தின் அளவு கிலோகிராம் எடைக்கு எவ்வளவு, எத்தனை முறை, எவ்வழியாக என்பன தெளிவாக இருக்க வேண்டும். ஒரு கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்குத் தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும்.

முடிவுகள்: தகுதி பெற்ற குழந்தைகள் எத்தனை, பெற்றோர் மறுத்தவை எத்தனை, இடையில் விலகியவை எத்தனை என்பதைக் காட்டும் ஓட்டப்படம் முதலில் இடம்பெறும். விழுக்காட்டுடன் எண்ணிக்கையும் தரப்பட வேண்டும். 12 குழந்தைகளில் 3 என்பதை 25 விழுக்காடு என்று மட்டும் எழுதினால் ஆய்வின் சிறுமை மறைந்துவிடும். தீங்கு எதுவும் காணப்படவில்லை என்னும் கூற்றிலும் கவனம் தேவை. 30 குழந்தைகளில் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை என்றாலும், உண்மையான தீங்கு விகிதம் ஏறத்தாழ 10 விழுக்காடு வரை இருக்க வாய்ப்புண்டு. மூன்றை மொத்த எண்ணிக்கையால் வகுத்து இந்த மேல் எல்லையைப் பெறுவது வழக்கம்.

கலந்துரையாடல்: முடிவுகளின் பொருள், முந்தைய ஆய்வுகளுடன் ஒப்பீடு, குறைபாடுகள் ஆகியன. ஓர் உயர்நிலை மருத்துவமனையில் பெற்ற முடிவு சிற்றூர் நிலையங்களுக்கும் பொருந்தும் என உறுதியாகக் கூற இயலாது.

பச்சிளங்குழந்தை ஆய்வுகளுக்கே உரிய கூறுகள்

வயதும் எடையும்: பிற மருத்துவத் துறைகளில் வயது ஒரே எண். இங்கு அது பலவகைப்படும். கருவளர் காலம் என்பது தாயின் கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து பிறப்பு வரையிலான வாரங்கள். அதனுடன் பிறந்த பின் கழிந்த வாரங்களைக் கூட்டினால் மாதவிடாய்வழி வயது கிடைக்கும். பிறந்த நாளில் இருந்து கணக்கிடும் வயதில் இருந்து, 40 வாரத்திற்கு எத்தனை வாரம் முன்பாகப் பிறந்ததோ அதைக் கழித்தால் திருத்திய வயது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 28 வாரத்தில் பிறந்து 24 வாரங்கள் ஆன குழந்தையின் திருத்திய வயது 12 வாரங்கள் ஆகும். வளர்ச்சி பற்றிய ஆய்வில் எவ்வயது என்று கூறாவிட்டால் நலமான குழந்தையும் பின்தங்கியதாகத் தோன்றும். கருவளர் காலம் மீயொலி வரைவால் கணிக்கப்பட்டதா, மாதவிடாய் நாளால் கணிக்கப்பட்டதா என்பதும் எழுதப்பட வேண்டும்.

பொதுவாக ஏற்கப்பட்ட வரையறைகள் சில பின்வருமாறு:

- குறைமாதக் குழந்தை: 37 வாரம் நிறையும் முன் பிறந்தது
- மிகக் குறைமாதக் குழந்தை: 32 வாரத்திற்கு முன் பிறந்தது
- அதீதக் குறைமாதக் குழந்தை: 28 வாரத்திற்கு முன் பிறந்தது
- குறைந்த பிறப்பு எடை: 2,500 கிராமுக்குக் குறைவு
- மிகக் குறைந்த பிறப்பு எடை: 1,500 கிராமுக்குக் குறைவு
- அதீதக் குறைந்த பிறப்பு எடை: 1,000 கிராமுக்குக் குறைவு

நோய் வரையறை: ஒரே நோய்க்குப் பல வரையறைகள் உண்டு. குறைமாதக் குழந்தைகளின் நாட்பட்ட நுரையீரல் நோய், பிறந்து 28 ஆம் நாளில் உயிர்வளி தேவைப்படுவது எனவும், மாதவிடாய்வழி வயது 36 வாரத்தில் தேவைப்படுவது எனவும் இருவகையாக வரையறுக்கப்பட்டுள்ளது. 26 வாரத்தில் பிறந்து 34 ஆம் வாரம் வரை உயிர்வளி பெற்ற குழந்தை முதல் வரையறையின்படி நோயாளி, இரண்டாவதன்படி நோயாளி அல்ல. குருதித் தொற்றிலும் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையில் உறுதியானவை, ஐயத்தின் பேரில் சிகிச்சை பெற்றவை ஆகிய இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். குடல் அழற்சிக்கு 1978 இல் வெளியான பெல் படிநிலையும், பிறப்பின்போது ஏற்படும் மூளைப் பாதிப்புக்கு 1976 இல் வெளியான சார்நட்டு படிநிலையும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

விகிதத்தின் பகுதி: பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் என்பது 1,000 உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை இறப்பு என்பதாகும். ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 500 குழந்தைகள் சேர்க்கப்பட்டு 40 இறந்தால், அது அப்பிரிவில் சேர்க்கப்பட்டோரில் 8 விழுக்காடு மட்டுமே ஆகும். அதை அம்மாவட்டத்தின் இறப்பு விகிதமாகக் கொள்ள முடியாது. அம்மருத்துவமனையிலேயே பிறந்த குழந்தைகளையும் வெளியில் பிறந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளையும் தனித்தனியே காட்டுவது வழக்கம். வழியிலேயே குளிர்ந்து, தாமதமாக வந்து சேரும் குழந்தைகளின் இறப்பு வாய்ப்பு மிகுதி. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வீட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட குழந்தைகளைக் கணக்கில் விட்டுவிட்டால் இறப்பு குறைந்ததுபோல் தோன்றும்.

இரட்டையர்: இரட்டைக் குழந்தைகளின் விளைவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவர்களைத் தொடர்பற்ற இருவராகக் கணக்கிட்டால் முடிவின் உறுதி மிகையாகிவிடும்.

அலகுகள்: பிலிருபின் அளவை இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் பல நாடுகளில் லிட்டருக்கு மைக்ரோமோலிலும் குறிப்பர். முன்னதை 17.1 ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். ஆகவே 20 மில்லிகிராம் என்பது 342 மைக்ரோமோல் ஆகும். இதழ் கேட்கும் அலகில் எழுதி, மற்றதை அடைப்புக்குறிக்குள் தருவது படிப்போருக்கு உதவும்.

ஒளிப்படங்கள்: குழந்தையின் படத்தை வெளியிடப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைப்பது மட்டும் அடையாளத்தை மறைக்கப் போதாது. பிறந்த நாள், ஊர், மூன்று குழந்தைகள் ஒரே பிரசவத்தில் பிறந்தமை போன்ற விவரங்களே குடும்பத்தை அடையாளம் காட்டிவிடக் கூடும்.

ஆசிரியர் தகுதி

பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதிப்படி ஒருவர் ஆசிரியர் ஆவதற்கு நான்கு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும்.

- ஆய்வின் கருத்து, வடிவமைப்பு, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு ஆகியவற்றில் கணிசமான பங்களிப்பு
- கட்டுரையை எழுதுதல் அல்லது அறிவுசார் உள்ளடக்கத்தைத் திருத்துதல்
- வெளியாகும் இறுதி வடிவத்திற்கு ஒப்புதல் அளித்தல்
- கட்டுரையின் அனைத்துப் பகுதிகளுக்கும் பொறுப்பேற்றல்

துறைத் தலைவர் என்பதாலோ, நிதி பெற்றுத் தந்தார் என்பதாலோ மட்டும் ஒருவரின் பெயரைச் சேர்ப்பது முறையன்று. இரவு பகலாகத் தரவு சேகரித்த இளம் மருத்துவரோ செவிலியரோ எழுதுவதிலும் பங்கேற்க வாய்ப்பளிக்கப்பட வேண்டும். செயற்கை அறிவுத்திறன் கருவிகளை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது எனவும், அவற்றைப் பயன்படுத்தினால் தெரிவிக்க வேண்டும் எனவும் இக்குழு 2023 இல் விதித்தது.

இதழைத் தெரிவு செய்தல்

இதழின் நோக்கெல்லை, வாசகர்கள், கட்டணம், மருத்துவத் தரவுத்தளங்களில் அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளமை ஆகியன கருதத்தக்கவை. பீடியாட்ரிக்சு, ஆர்க்கைவ்சு ஆஃப் டிசீசு இன் சைல்டுஃகுட்டு இதழின் கரு மற்றும் பச்சிளங்குழந்தைப் பதிப்பு, ஜர்னல் ஆஃப் பெரினட்டாலஜி, நியோனட்டாலஜி ஆகியன இத்துறையில் அறியப்பட்ட பன்னாட்டு இதழ்கள். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் இந்தியன் பீடியாட்ரிக்சு 1964 இல் இருந்து வெளிவருகிறது. இலங்கைக் குழந்தை மருத்துவர் கல்லூரி சிறீலங்கா ஜர்னல் ஆஃப் சைல்டு ஃகெல்த்து இதழை வெளியிடுகிறது. உள்ளூர் நடைமுறையை மாற்றக்கூடிய முடிவுகளுக்கு, அந்நாட்டு மருத்துவர்கள் படிக்கும் இதழ் பொருத்தமாக இருக்கலாம்.

உண்மையான மதிப்பாய்வு இன்றிக் கட்டணத்திற்காக எதையும் வெளியிடும் ஏமாற்று இதழ்களும் உள்ளன. அமெரிக்க நூலகர் செஃப்ரி பீல் இவற்றைப் பட்டியலிட்டு வந்தார். அப்பட்டியல் 2017 இல் நீக்கப்பட்டது. சில நாட்களில் ஏற்பு உறுதி என்னும் மின்னஞ்சல் அழைப்பும், மறைவான கட்டணமும், அறியாமலே பெயர் சேர்க்கப்பட்ட ஆசிரியர் குழுவும் இத்தகைய இதழ்களின் அடையாளங்கள் ஆகும்.

அனுப்புதல்

பெரும்பாலான இதழ்கள் இணையவழியாகவே கைப்பிரதிகளைப் பெறுகின்றன. பொதுவாகத் தேவைப்படுவன:

- இதழாசிரியருக்கு முகவரியிட்ட இணைப்புக் கடிதம்
- பெயர்களும் நிறுவனங்களும் அடங்கிய தலைப்புப் பக்கம்
- ஆசிரியர் பெயர் நீக்கப்பட்ட முதன்மைக் கோப்பு (மதிப்பாய்வாளருக்குப் பெயர் மறைக்கும் இதழ்களில்)
- அட்டவணைகள், படங்கள்
- நலமுரண், நிதியுதவி, தரவுப் பகிர்வு பற்றிய அறிவிப்புகள்
- அறிக்கையிடல் வழிகாட்டியின் நிரப்பிய பட்டியல்

ஒரே கைப்பிரதியை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது விதிமீறல் ஆகும். ஒரே ஆய்வைப் பல துண்டுகளாக்கி வெளியிடுவதும் குறையாகக் கருதப்படுகிறது. ஒரே குழந்தைகள் இரு கட்டுரைகளில் இடம்பெற்றால், பின்னர் மீளாய்வு செய்பவர் அவர்களை இருமுறை எண்ணிவிட நேரும்.

மதிப்பாய்வும் முடிவும்

கைப்பிரதியை முதலில் இதழாசிரியர் படிக்கிறார். நோக்கெல்லைக்குப் பொருந்தாதவை மதிப்பாய்வுக்குச் செல்லாமலே திருப்பப்படும். மற்றவை பொதுவாக இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை வல்லுநர்களுக்கு அனுப்பப்படுகின்றன. அவர்களின் கருத்துரைக்குப் பின், ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு ஆகியவற்றுள் ஒன்று அறிவிக்கப்படும். திருத்தாமலே ஏற்கப்படுபவை மிகச் சிலவே.

திருத்திய கைப்பிரதியுடன் ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனி விடை எழுதப்படுகிறது. மதிப்பாய்வாளரின் கருத்தை ஏற்காதவிடத்துச் சான்றுடன் பணிவாக மறுக்கலாம். மறுக்கப்பட்ட கைப்பிரதியைத் திருத்தி வேறோர் இதழுக்கு அனுப்புவது இயல்பான நடைமுறை ஆகும். வெளியான பின் பிழை கண்டறியப்பட்டால் திருத்தக் குறிப்பு வெளியிடப்படும். முடிவே நம்பத்தகாதது எனில் கட்டுரை மீளப்பெறப்படும்.

எதிர்மறை முடிவுகளை வெளியிடுதல்

எதிர்பார்த்த நன்மை கிடைக்காத ஆய்வுகளை எழுதாமல் விட்டுவிடும் போக்கு எல்லா மருத்துவத் துறைகளிலும் உண்டு. பிறப்பின்போது மூச்சுத் தடைப்பட்டு மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை, செல்வந்த நாடுகளில் 2005 முதல் வெளியான ஆய்வுகளில் பயன் தந்தது. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு பிரிவுகளில் 408 குழந்தைகளிடம் எலிக்சு என்னும் ஆய்வு சோதித்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் இதில் பங்கேற்றது. 2021 இல் வெளியான முடிவின்படி, இறப்பு அல்லது ஊனம் குளிர்விக்கப்பட்டவர்களில் 50 விழுக்காடும் மற்றவர்களில் 47 விழுக்காடும் ஆகும். இறப்பு மட்டும் முறையே 42, 31 விழுக்காடு. அதாவது சிகிச்சை பயனளிக்கவில்லை என்பதோடு இறப்பும் மிகுந்திருந்தது.

இவ்வாய்வு வெளியாகாமல் இருந்திருப்பின், செல்வந்த நாடுகளின் முடிவுகளை மட்டும் நம்பி இந்நாடுகளில் அச்சிகிச்சை மேலும் பரவியிருக்கும். எண்ணியது நிகழவில்லை என்பதை முழுமையாக எழுதுவதும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- பச்சிளங்குழந்தை மருத்துவம்
- குறைமாதப் பிறப்பு
- மருத்துவ நெறிமுறைகள்
- சமவாய்ப்பு ஆய்வு
- எல்சிங்கிப் பிரகடனம்